நீரை அறிந்து கூட்டைத் தேர்க!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம்மவர் பழமொழி. இன்று தண்ணீரில் கால் மட்டுமா இறங்குகிறது? காமிராவும் இறங்குகிறது. மழையில், கண்மாயில், கழிமுகத்தில், கடலில் என்று நீர் உள்ள இடமெல்லாம் படம் எடுக்கும் ஆசை இளைஞர்களிடையே பெருகியிருக்கிறது. அவ்வாசையோடு கடைக்குச் செல்பவர்கள், காமிராவைத் தண்ணீரிலிருந்து காக்கும் நீர்புகாக் கூட்டைக் கையில் எடுத்து, "இது எத்தனை மீட்டர் தாங்கும்?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடைக்காரரும் பெரிய எண்ணாகச் சொல்கிறார். வியாபாரம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்வி வேண்டியதே. ஆயினும் அது ஒன்றே போதும் என்று எண்ணுவது தவறு. அதிலும், ஆழம் குறைந்து கலங்கல் மிகுந்த நம் பக்கத்து நீருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் துணிபு. ஆழத்தை அறிவதைவிட நீரை அறிவது பெரிது. இதனையே இக்கட்டுரையில் என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் எடுத்துக்கூற முயல்கிறேன்.

இது சினிமாக்காரர்களின் கவலை, அரசினர் கலைக் கல்லூரி மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் கல்லூரி கடலோர மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே சொல்லப்பட வேண்டிய கதைகளில் பாதி தண்ணீருக்குள் இருக்கின்றன. இடுப்பளவு நீரிலும் கழுத்தளவு நீரிலும் நின்று, பிறகு மூழ்கி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து கடற்பாசி பறிக்கும் பெண்கள் நம் ஊர்ப் பெண்கள். அவர்களைப் படம் எடுப்பதற்குத் தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். அப்பெண்களின் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் அதற்கான கருவியைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்றால் அது நமக்குப் பெருமையா?

முன்னோர் காட்டிய வழிகள்

நீருக்கடியில் படம் எடுப்பது நேற்று முளைத்த கலையன்று. பிரான்சு நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், 1893ஆம் ஆண்டு பன்யூல்ஸ்-சுர்-மேர் என்ற கடலோர ஊரில் நீருக்கடியில் ஒளிப்படங்கள் எடுத்தார். அவருக்குக் கூட்டினைச் செய்து கொடுத்தவர் உடன்பிறந்தவரான ஓகஸ்ட். அந்தக் கூட்டோடு காற்று நிரம்பிய ரப்பர் பலூன் ஒன்றை இணைத்திருந்தார்கள். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் பலூனை நசுக்கும். பலூனில் உள்ள காற்று கூட்டுக்குள் செல்லும். உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் ஒன்றாகும். பாயில் விதியை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அவர்கள் அதனை வேலைக்கு அமர்த்தினார்கள்!

அமெரிக்கரான ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன் 1914இல் பஹாமாஸ் தீவுகளில் வேறொரு வழியைக் கையாண்டார். காமிராவை நீரில் இறக்காமல், நீண்ட குழாயின் அடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த அறை ஒன்றை அமைத்து, காமிராவையும் ஆளையும் அதற்குள் உட்கார வைத்தார். 1916இல் வெளிவந்த 'கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்' என்ற ஊமைப்படத்தின் நீரடிக் காட்சிகள் அம்முறையில் எடுக்கப்பட்டவை. அங்கே கடல் தெளிந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெகுதூரம் தெரிந்தது. ஆதலால் அவ்வழி பலித்தது.

பிறகு வந்தவர் ழாக் கூஸ்தோ. அவரும் லூயி மாலும் சேர்ந்து உருவாக்கிய 'மௌன உலகம்' 1956இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனைப் பரிசைப் பெற்றது. கூஸ்தோவின் குழுவுக்காக ழான் தெ வூத்தர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் வடிவமைத்த காலிப்ஸோ ஒளிப்படக் காமிராவுக்குத் தனிக் கூடே கிடையாது. காமிராவின் உடலே கூடு! அதையே 1963 முதல் நிக்கான் நிறுவனம் நிக்கோனாஸ் என்ற பெயரில் வெளியிட்டது. நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில், மைக் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படம் 1962இல் வண்ணத்தில் வந்தது. திருகோணமலைக் கடலடிக் காட்சிகள் அதன் சிறப்பு.

இவற்றை நான் அடுக்கியது பொது அறிவைக் காட்டிக்கொள்வதற்காக அன்று. பூத்தான் பலூன் கட்டினார். வில்லியம்சன் அறை கட்டினார். தெ வூத்தர்ஸ் காமிராவையே மாற்றினார். ஒவ்வொருவரும் தாம் இறங்க வேண்டிய நீர் எப்படிப்பட்டது, அதில் தமக்கு என்ன வேலை என்று முதலில் எண்ணினார்கள். கருவி பிறகு பிறந்தது. நாமோ கருவியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற நீரைத் தேடுகிறோம்.

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்

"என் செல்போனே நீர்புகாதது. கூடு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்தப் பெட்டியின்மேல் ஐபி 67, ஐபி 68 என்று அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்தார்கள் என்று பொருள். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளரே குறிப்பிட வேண்டும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அச்சோதனை அசையாத நன்னீரில் நடப்பது. கடலின் உப்பும் அலையின் அடியும் அதில் இல்லை. இரண்டாவது, பீய்ச்சியடிக்கும் நீருக்கு 5, 6 என்று வேறு எண்கள் உண்டு. 7ஐ வென்ற கருவி 6ஐ வென்றதாகப் பொருள் இல்லை. மூழ்குவதைத் தாங்கும் கருவி பம்புசெட்டுக் குழாயின் அடியில் தோற்றுப்போகலாம்! மூன்றாவது, சோதனை புதிய கருவிக்கு நடந்தது. இரண்டு முறை கீழே விழுந்து, ஓரம் நசுங்கிய கருவிக்கு நடந்ததன்று. நீரால் வரும் சேதத்தை உத்தரவாதத்தில் சேர்க்காத நிறுவனங்கள் பல இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். அந்த எண் எதிர்பாராமல் நனைந்துவிட்டால் காக்கும் குடை. கடலில் இறங்குவதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாக அதனைக் கொள்ளலாகாது.

தொடுதிரை என்ற தொல்லையும் உண்டு. நீர் படிந்த திரை, விரல் பட்டது எது, நீர் பட்டது எது என்று அறியாமல் தடுமாறும். நீருக்குள் அது பயன்படாது. ஆகவே எந்தக் கூடானாலும் வெளியிலிருந்து அழுத்தக்கூடிய பொத்தான்கள் இருக்கின்றனவா, ஈரக் கையால் அவற்றை இயக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

அழுத்தமும் ரப்பர் வளையமும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ எடை. கூட்டின் முகப்பு 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அதன்மேல் 100 கிலோ எடை அமர்ந்திருக்கும். 30 மீட்டரில் 300 கிலோ. இதனால்தான் ஆழ்கடலுக்கு அலுமினியக் கூடும், ஓரளவு ஆழத்துக்குப் பாலிகார்பனேட் போன்ற உறுதியான பிளாஸ்டிக் கூடும் செய்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை ஆழத்தில் நசுங்கிக் காமிராவோடு ஒட்டிக்கொள்ளும். பொத்தான்கள் தாமே அழுந்தும்.

ஆனால் நீரைத் தடுத்து நிறுத்துவது அலுமினியமும் அன்று, பிளாஸ்டிக்கும் அன்று. மூடிக்கும் உடலுக்கும் நடுவில் கிடக்கும் மெல்லிய ரப்பர் வளையம். ஓ-ரிங் என்பார்கள். நம் வீட்டுக் குக்கர் மூடியின் காஸ்கெட் செய்யும் வேலைதான். குக்கரில் ஆவி வெளியேறாமல் காக்கிறது. இங்கே நீர் உள்ளே வராமல் காக்கிறது. அதன்மேல் ஒரு மணல், ஒரு தலைமயிர், துணியின் ஒரு நூல் கிடந்தால் போதும். நீருக்கு வழி கிடைத்துவிடும்.

இன்னொரு செய்தி பலரையும் வியக்க வைக்கும். ஆழத்தில் நீரே மூடியை அழுத்தி வளையத்தை இறுக்குகிறது. முழங்காலளவு நீரில் அந்த உதவி கிடையாது. எனவே சரியாக மூடாத கூடு ஆழத்துக்குப் போகும் முன்பே, கரையோரத்திலேயே ஒழுகுவது உண்டு. எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், கடன் பட்டு வாங்கிய காமிராவை ஒரு மலிவுக் கூட்டில் போட்டு, படகுப் போட்டியைப் படம் எடுக்கச் சென்றார். கூட்டின் பெட்டியில் 20 மீட்டர் என்று எழுதியிருந்தது. அவர் நின்றது தொடையளவு நீரில். வளையத்தின்மேல் ஒரு மயிரிழை கிடந்திருக்கிறது. காமிரா போயிற்று. வட்டி மட்டும் போகவில்லை, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். நம்மைப் போன்ற குடும்பங்களில் ஒரு காமிரா மூழ்கினால் ஒரு பொருள் மட்டும் மூழ்குவதில்லை, ஓர் ஆண்டின் சேமிப்பு மூழ்குகிறது. ஆகையால் இதனை விளையாட்டாக எண்ணுவதற்கில்லை.

வளையத்துக்குத் தடவும் பசையிலும் கவனம் வேண்டும். வீட்டில் உள்ள வாசலினையோ எண்ணெயையோ தடவுகிறவர்கள் உண்டு. சிலவகை ரப்பர் அவற்றால் ஊதிப்போகும். சிலிக்கோன் வளையத்துக்குச் சிலிக்கோன் பசையே பகையாகும். உற்பத்தியாளர் சொன்ன பசையைத்தான் தடவ வேண்டும். அதுவும் ஓர் இழையாக. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் சீராக உட்காருவதற்கே அந்தப் பசை. நிறையத் தடவினால் அதுவே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முகப்புக் கண்ணாடி என்னும் மறந்துபோன உறுப்பு

விலை கேட்பவர் உண்டு. ஆழம் கேட்பவர் உண்டு. முகப்புக் கண்ணாடி தட்டையா, வளைவா என்று கேட்பவரை நான் கண்டதில்லை. படத்தின் தரம் அதில்தான் இருக்கிறது.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் 1 மீட்டர் தொலைவில் உள்ள மீன் முக்கால் மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். பெரிதாகவும் தெரியும். சிறு பூச்சி, சங்கு, நத்தை போன்றவற்றை நெருக்கத்தில் எடுப்பவருக்கு இது நன்மை. அகன்ற காட்சியை விரும்புபவருக்கோ நட்டம். காற்றில் 90 பாகை அகலம் பார்க்கும் லென்சு, தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் நீரில் சுமார் 64 பாகைதான் பார்க்கும். ஸ்நெல் விதிப்படி யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரங்களில் நிறம் பிரிந்து தெரிவதும் உண்டு.

அரைக்கோள வடிவில் வளைந்த கண்ணாடி இக்குறையை நீக்குகிறது. 90 பாகை 90 பாகையாகவே கிடைக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வளைந்த கண்ணாடியும் வெளியே உள்ள நீரும் சேர்ந்து ஒரு லென்சுபோல் செயல்பட்டு, தொலைவில் உள்ள பொருள்களின் மாயபிம்பத்தைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுவந்து வைத்துவிடும். வளைவின் ஆரத்தைப்போல் மூன்று மடங்குத் தொலைவில் அது நிற்கும். ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் அடிவானமே 30 சென்டிமீட்டரில்! ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டரில்! அவ்வளவு அருகில் குவியம் கொள்ளாத லென்சுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும்.

இது ஏட்டுக் கணக்கன்று. கோப்ரோ என்னும் சிறு காமிராவின் தொடக்க காலக் கூடுகளில் முகப்புக் கண்ணாடி வளைந்திருந்தது. தரையில் தெளிவாக இருந்த படம் நீருக்குள் மங்கிற்று. அக்காமிராவின் குவியத்தை மாற்ற முடியாது என்பதே காரணம். 2012இல் வந்த ஹீரோ 3 காமிராவின் கூட்டில் தட்டைக் கண்ணாடி இருந்தது, படம் தெளிந்தது. நீர் ஒரு துளியும் புகாத கூடும் நல்ல படம் தராமல் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எந்தக் கடலுக்கு? எந்த மாதத்துக்கு?

என் தந்தையார் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தக் கூடுகளைப் பற்றி நான் படித்ததை ஒருநாள் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். 40 மீட்டர், 60 மீட்டர் என்று நான் அடுக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் கேட்டது இதுதான்: "அதெல்லாம் சரிப்பா. எந்தக் கடலுக்கு இது? வடகடலுக்கா, தென்கடலுக்கா? எந்த மாசத்துல எறங்கப்போற?"

எந்தக் கடைக்காரரும் கேட்காத கேள்வி அது. அதற்குள் முழு அறிவியலும் இருப்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. வடகடல் என்று எங்கள் பக்கத்தார் சொல்வது பாக் விரிகுடா. அது ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீட்டரையும் தொடாது. அங்கே 60 மீட்டர் தாங்கும் கூட்டை வாங்கி என்ன செய்வது? வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளித்துக் கலங்கும். தென்கடலாகிய மன்னார் வளைகுடா அப்போது அடங்கியிருக்கும். கச்சான் காற்று வந்தால் கதை தலைகீழாகும். காற்றையும், நீவாடு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டத்தையும் பார்த்து, இன்று தண்ணீர் தெளியும், நாளை தெளியாது என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார்கள்.

ஆக, நம் கடலில் படம் எடுப்பவனுக்கு முதற்பகை ஆழமன்று, கலங்கல். கலங்கிய நீரில் நல்ல படம் எடுக்க ஒரே வழிதான் உண்டு. லென்சுக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள நீரைக் குறைக்க வேண்டும். நெருங்கிப் போக வேண்டும். நெருங்கியும் முழு உருவம் அகப்பட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரில் கிடையாக நீந்தும் ஒரு பெண்ணின் உருவம், 160 சென்டிமீட்டர் அகலம், முழுவதும் படத்தில் அடங்க வேண்டும். அரைக்கோளக் கண்ணாடிக்குப் பின்னால் 90 பாகை லென்சு இருந்தால் 80 சென்டிமீட்டர் தொலைவு போதும். அதே லென்சு தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் சுமார் 128 சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும். அதாவது இன்னும் 48 சென்டிமீட்டர் கலங்கல் நீர் நடுவில் வந்துவிடுகிறது. முன்னதில் அவள் முகம் தெரியும். பின்னதில் ஒரு நிழல் தெரியும்.

பாசி பறிக்கும் பெண்களைப் பற்றி ஒரு படம் எடுக்க நினைப்பவன், 60 மீட்டருக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரிய அரைக்கோளக் கண்ணாடிக்குக் கொடுக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பாதி நீருக்கு மேலும் பாதி நீருக்குக் கீழுமாக, மேலே முகமும் கீழே கால்களும் ஒரே படத்தில் வேண்டுமானாலும் பெரிய வளைவுக் கண்ணாடியே உதவும். சிறிய கண்ணாடியில் ஓர் அலை வந்தால் முழுவதையும் மறைத்துவிடும்.

வெளிச்சத்துக்கும் இதே நியாயம்தான். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. ஆழம் கூடினால் சிவப்புச் சேலை பழுப்பாகத் தெரியும், விளக்கு வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் நல்ல வெயில் இருக்கும்போது, ஒரு வெள்ளைத் தட்டைக் காட்டிக் காமிராவின் வெண்மையைச் சரிசெய்தாலே பெருமளவு போதும். கலங்கல் நீரில் காமிராவை ஒட்டி விளக்கு வைத்தால், மிதக்கும் துகள்கள் எல்லாம் மின்மினிபோல் மின்னிப் படத்தைக் கெடுக்கும். விளக்குத்தான் வேண்டுமென்றால் பக்கவாட்டில் தள்ளி மாட்டுவதற்குக் கூட்டில் இடம் இருக்க வேண்டும்.

மிதப்பையும் மறக்கலாகாது. 3 லிட்டர் இடத்தை அடைக்கும் கூடு 3 கிலோவுக்குச் சற்று மிகுதியான கடல்நீரை இடம்பெயர்க்கும். காமிராவோடு சேர்ந்து அதன் எடை 2 கிலோதான் என்றால், 1 கிலோ விசையோடு மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கை ஓயும், படம் ஆடும். ஓர் ஈயக்கட்டி இதனைத் தீர்க்கும். ஆர்க்கிமிடீசுக்கு நன்றி!

உள்ளேயே இருக்கும் நீர்

வெளிநீரைத் தடுத்துவிட்டோம். உள்ளே அடைபட்ட காற்றில் உள்ள நீரை என்ன செய்வது? நம் கடற்கரைக் காற்று ஈரம் மிகுந்தது. 30 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்த 1 லிட்டர் காற்றில் சுமார் 30 மில்லிகிராம் நீராவி இருக்கும். கூடு 25 பாகைக்குக் குளிர்ந்தால் 23 மில்லிகிராம்தான் தங்கும். மீதி 7 மில்லிகிராம் எங்கே போகும்? எல்லாவற்றிலும் குளிர்ந்திருக்கும் முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படியும். 7 மில்லிகிராம் என்பது ஒரு சிறு துளி. அது மெல்லிய மூடுபனியாகப் பரவினால் ஒரு நாள் படப்பிடிப்பு வீண்.

இதற்கு மருந்து எளிது. கடற்கரையில் நின்று கூட்டை மூடக்கூடாது. உலர்ந்த அறையில், குளிர்சாதன அறை கிடைத்தால் இன்னும் நல்லது, முன்கூட்டியே மூடிவிட வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைக்க வேண்டும். மூடிய கூட்டை வெயிலில் கிடத்தலாகாது. வேதியியல் ஆய்வகத்தில் உலர்த்தியைக் கையாளும் மாணவனுக்கு இது தெரியாததன்று.

மழைக்கு வேறு நியாயம். மழையில் படம் எடுக்க ஆழ்கடல் கூடு வேண்டியதில்லை. அதன் கண்ணாடியில் துளிகள் உட்கார்ந்து தொல்லைதான் கொடுக்கும். காமிராவுக்கு ஒரு மழையுறை, பிடிப்பதற்கு ஒரு குடை, துடைப்பதற்கு உலர்ந்த துணி இவையே பெரும்பாலும் போதும். பெரிய படப்பிடிப்புகளில் லென்சுக்கு முன்னால் வேகமாகச் சுழலும் கண்ணாடி வட்டை ஒன்றைப் பொருத்துவார்கள். விழும் துளியை அது வீசி எறிந்துவிடும்.

மறுப்புரைகளும் மறுமொழியும்

"இவ்வளவு கணக்குப் பார்த்தா கலை பிறக்கும்?" என்று இலக்கிய நண்பர்கள் கேட்கக்கூடும். கணக்கால் மட்டும் கலை பிறவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் எந்தக் கலையும் தெரியாது.

"விலை உயர்ந்த கூட்டை வாங்கிவிட்டால் இத்தனை கவலை எதற்கு?" என்பது இன்னொரு கேள்வி. விலை உயர்ந்த கூட்டிலும் ரப்பர் வளையம் உண்டு. மயிரிழை விலை பார்த்து விழுவதில்லை.

"வசதி குறைந்த கல்லூரியில் இதெல்லாம் ஆடம்பரம்" என்பது மூன்றாவது. இதற்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். வசதி உள்ளவன் தவறாக வாங்கினால் மறுபடி வாங்குவான். நமக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே நன்றாகத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கும் கடமை நமக்கே மிகுதி. ஆளுக்கொரு மலிவுப் பை வாங்கிப் பத்துப் பேர் பத்துச் செல்போன்களைப் பறிகொடுக்கும் செலவில், கல்லூரிக்குப் பொதுவாக ஒரு நல்ல கூட்டை வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

என் வேண்டுகோள்

நம் கல்லூரி ஒரு நடுத்தரமான கூட்டை வாங்கட்டும். 15, 20 மீட்டர் தாங்கினால் நம் கடலுக்கு மிகை. தட்டைக் கண்ணாடியும் அரைக்கோளக் கண்ணாடியும் மாற்றி மாட்டும் வசதி அதில் இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் கைப்பம்பு கிடைத்தால் அதனையும் சேர்த்து வாங்க வேண்டும். உள்ளே உள்ள காற்றில் சிறிதை உறிஞ்சிவிட்டு, அரைமணி நேரம் முள் நகராமல் நின்றால் கூடு நம்பத்தக்கது என்று அறியலாம். காமிராவை நீரில் இறக்கும் முன்பே குறையைச் சொல்லிவிடும் சோதனை இது.

பம்பு இல்லையென்றாலும் குறையில்லை. ஒரு வாளித் தண்ணீர் போதும். காமிரா இல்லாமல், உள்ளே ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, மிதக்காமல் இருக்கக் கல்லைக் கட்டி, அரைமணி நேரம் அமுக்கி வைக்க வேண்டும். காகிதத்தில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் அன்றைக்குப் படப்பிடிப்பு இல்லை. கடலிலிருந்து வந்ததும் கூட்டைத் திறக்காமல் நன்னீரில் ஊற வைத்து, பொத்தான்களை அழுத்தி அழுத்தி உப்பைக் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து பரலானால் வளையத்தை அறுக்கும்.

இக்கூடு இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கட்டும். ஆய்வகத்தின் பிற கருவிகளைப்போல் இதற்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும். யார் எடுத்தார், எந்த நீரில் இறக்கினார், வாளிச் சோதனை செய்தாரா, திருப்பியபோது வளையம் எப்படி இருந்தது என்று அதில் எழுதட்டும். விலங்கியல் மாணவன் கண்மாய் மீனைப் படம் எடுப்பான். தாவரவியல் மாணவி கடற்பாசியை எடுப்பாள். தமிழ்த்துறை நண்பர் குறும்படம் எடுப்பார். தேசியப் பூங்காவுக்குரிய தீவுகளை நாடுவோர் வனத்துறையின் அனுமதியை முறைப்படி பெற்றே செல்ல வேண்டும். சில ஆண்டுகளில் அப்பதிவேடே நம் பக்கத்து நீர்நிலைகளின் வரலாறாக வளர்ந்துவிடும்.

அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கு முன்னால், இன்னும் இரண்டு கேள்விகளை எழுதி வைக்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் வேண்டிக்கொள்கிறேன். எந்த நீருக்கு? எந்த மாதத்துக்கு? விடை தெரியாதவர்கள் கரைக்குச் சென்று கேட்கட்டும். பட்டம் பெறாத பேராசிரியர்கள் பலர் அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.